பார்க்க வருகிறவர்களுக்கு டீ கிடையாது

சதீஷ்,

நேற்று சாயங்காலம் சுகந்தி எனக்குப் போன் செய்தாள். அது உனக்குத் தெரியாது. உடம்பு எப்படி இருக்கிறது, வலி இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டதற்கெல்லாம் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "வியாழக்கிழமையே மாவு அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் புளிக்காம இருக்குமா அத்தை? அன்னிக்குத்தான் எல்லாரும் என்னைப் பாக்க வர்றாங்களாம்." வெள்ளிக்கிழமை பித்தப்பையை எடுக்கப்போகிற உன் மனைவி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு இட்லி ஊற்றுவதைப் பற்றிக் கவலைப்படுகிறாள். போனை வைத்ததும் நோட்டையும் பேனாவையும் தேடி எடுத்தேன். பாசத்தால் இல்லை, கோபத்தால்.

போன வாரம் நீ பேசியபோது என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "சின்ன ஆபரேஷன்தாம்மா. ஓட்டை போட்டு எடுத்துடுவாங்க, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ வராத, அப்பாவைப் பாத்துக்கோ. அவ சுறுசுறுப்பானவ, அவளே சமாளிச்சுக்குவா." அன்றைக்கு நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த 'சின்ன' என்ற சொல்லை இதே குரலில், இதே அவசரத்தில், வேறு ஒரு ஆள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உனக்கு அப்பாவின் மூக்கு வந்திருக்கிறது, நெற்றி வந்திருக்கிறது, அதெல்லாம் எனக்குச் சந்தோஷம். அந்தச் சொல்லும் வந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். உன் அப்பா படிக்கட்டும். அவருடைய அக்கா, பேரணாம்பட்டுப் பெரியத்தை, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கட்டும். மனைவிக்கு ஆபரேஷன் தேதியைக் குறித்த கையோடு விருந்தாளிகளுக்கும் நேரம் குறிக்கிற எல்லா மகன்களும் படிக்கட்டும். மனதில் இவ்வளவு வருஷம் வைத்திருந்ததை ஒரே ஆளுக்கு மட்டும் சொல்லி வீணாக்க எனக்கு இஷ்டமில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. அம்மா ஏன் உன்னைத் தூக்கவில்லை என்று அழுதுகொண்டு நின்றாய், அது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது நர்ஸம்மா தெளிவாகத்தான் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, தையலில் ஈரம் படக் கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரவேண்டும். உன் அப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து நான் பாயில் சாய்ந்து சரியாக முதுகு நிமிரவில்லை, அதற்குள் பேரணாம்பட்டு பஸ்ஸில் உன் பெரியத்தை வந்து இறங்கினார். தனியாக இல்லை, ஒரு கூட்டமாக. எல்லாரும் என்னைப் பார்க்க வந்தவர்கள். கையில் ரொட்டி, ஆரஞ்சு, வாயில் ஐயோ பாவம். வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். பார்த்து முடித்தார்கள். அதற்கப்புறம் எல்லாரும் அடுப்படியைப் பார்த்தார்கள்.

உன் அப்பா என் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: "வந்தவங்களுக்கு ஒரு வாய் டீயாவது வெச்சுக் குடு. உன்னைப் பாக்கத்தானே வந்திருக்காங்க, சும்மா அனுப்புனா இன்னா நெனப்பாங்க?" நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். உன் பெரியத்தை அதைப் பார்த்துவிட்டு, "நாங்கல்லாம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மறுநாளே பீடி சுத்த உக்காந்துட்டோம். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாம் ஜாஸ்தி" என்றார். டீ குடித்தார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவர்களைச் சோறு போடாமல் எப்படி அனுப்புவது? சோற்றுக்குத் தண்ணீர் வேண்டும். தெருக்கோடி கைப்பம்பில் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினேன். வயிற்றுக்குள் எங்கோ சுரீரென்றது. குடத்தை இறக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு கம்மி என்று ஒருத்தி சொன்னாள்.

மாலையில் புடவை நனைந்திருந்தது. உன் பெரியத்தை மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தையல் மேல் அப்பிவிட்டு, ஊருக்கு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு காய்ச்சல். "உடம்பு சூடுதான், பேஜார் பண்ணாத" என்றார் உன் அப்பா. சீழ் நாற்றம் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ஆட்டோ கேட்டேன். "சின்னப் புண்ணுக்கு ஆட்டோ இன்னாத்துக்கு?" என்றார். மெயின் ரோடு வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, "பஸ் எப்பங்க வரும்?" என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வரும்போது வரும்" என்றார். அந்த இரண்டு சொற்கள் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று. சீழ் பிடித்துக் கிடந்தவளைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை, அந்த நாற்றத்துக்கு யார் வருவார்கள்? நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அப்போதுதான் என்னைத் தையல் மெஷினில் உட்கார வைத்திருந்தார்கள். நான் திரும்பிப் போனபோது என் மெஷினில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பவும் ஹெல்ப்பராக நூல் வெட்டப் போட்டார்கள். மறுபடி ஒரு மெஷின் கிடைப்பதற்குள் நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். உன் அப்பா கெட்டவர் இல்லை சதீஷ், எனக்கு எரிச்சலே அதுதான். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. அடித்திருந்தால் ஊர் நாலு வார்த்தை கேட்டிருக்கும். வந்தவர்களுக்கு டீ போடச் சொன்னதை யார் வந்து கேட்பார்கள்?

இந்த வருஷம் கடவுள் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தோல் பதனிடுகிற டேனரியில் ஈரத்தோலைத் தூக்கித் தூக்கியே உன் அப்பாவுக்குக் குடலிறக்கம். வயிற்றில் வலை வைத்துத் தைத்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னதை எல்லாம் நான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். திருப்பிச் சொல்லியும் காட்டினேன். டாக்டர் அசந்துபோய், "இப்படிக் கவனிக்கிற வீட்டம்மா இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். அவருக்கு என்ன தெரியும், என் கையில் என்ன கொடுத்தார் என்று!

வண்டி ஓட்டக் கூடாது என்றாரா? வண்டிச் சாவி என் தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கில் தொங்கியது. முக்கக் கூடாது, மலச்சிக்கல் வரக் கூடாது என்றாரா? காலையில் கீரை, மதியம் கீரை, சாயங்காலம் பப்பாளி. ஆம்பூரில் இருந்துகொண்டு பக்கத்துத் தெருவில் பிரியாணி அண்டா திறக்கிற வாசனையை மட்டும் மோந்துகொண்டு கிடந்தார். "ஒரு வாய் வாங்கிட்டு வாடி" என்று கெஞ்சினார். "டாக்டர் சொன்னா வாங்கியாறேன்" என்றேன். கனம் தூக்கக் கூடாது என்றாரே தவிர, உட்கார்ந்து காய் நறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான நாளில் இருந்து கத்தியைத் தொடாத மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். சின்னதும் பெரியதுமாக நறுக்கினார். நான் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு கூறு எடுத்து வைத்தேன். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன், தையலைத் தினமும் பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் கவனித்ததில்லை.

பெரியத்தை வராமல் இருப்பாரா? தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றதும் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அதே ரொட்டி, அதே ஆரஞ்சு. "இன்னாம்மா, தம்பி எப்டி இருக்கான்?" என்று கேட்டு உட்கார்ந்தவர் மடியில் நான் வெங்காயத் தட்டை வைத்தேன்.

"இன்னாது இது?"

"வெங்காயம் அண்ணி. உரிச்சுக் குடுங்க. பூண்டும் இருக்கு."

"நாங்க தம்பியைப் பாக்க வந்தோம்மா."

"பாருங்களேன். கண்ணுதானே பாக்குது, கை சும்மாதானே இருக்கு?"

அவருடைய மருமகள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணிடம் விளக்குமாற்றைக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாகவே கூட்டினாள். பெரியத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெங்காயம் முழுவதும் உரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, நான் துடைக்கத் துணி எதுவும் கொடுக்கவில்லை. அதற்குப் பின்னால் தெருவில் விஷயம் பரவிவிட்டது. நம் வீட்டுக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பெரியத்தை மட்டும் சும்மா போகவில்லை. கிளம்பும்போது உன் அப்பாவிடம், "ஆம்பளை இப்டிப் படுத்தே கெடந்தா உள்ள உடம்பும் கெட்டுடும்டா" என்று ஒரு போடு போட்டார். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு முன்னால் ஆம்பளை என்று காட்ட வேண்டாமா? அவர்கள் எடுத்துப்போக வைத்திருந்த தேங்காய் மூட்டையைத் தூக்கி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். எங்கள் கம்பெனியில் ஷூவின் உள்பக்கத்து லைனிங்கை ஒட்டிவிட்டுப் பசை காய்வதற்குள் இழுத்தால் சூப்பர்வைசர் ஊரைக் கூட்டுவார். ஷூவுக்கு இருக்கிற மரியாதை மனுஷ வயிற்றுக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தையலைப் பார்த்தேன். ஓரம் சிவந்து வீங்கியிருந்தது, நீர் கசிந்தது. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. அப்போதுதான் தேங்காய் மூட்டை விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சூடுதான், பேஜார் பண்ணாத" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன் சதீஷ். நான் அடுப்படிக்குப் போய் எனக்கு ஒரு டீ போட்டு, முக்காலியில் உட்கார்ந்து முழுவதும் குடித்தேன். கிடக்கட்டும் என்று நினைத்தேன். சீழ் பிடிக்கட்டும், நாறட்டும், ஒருத்தரும் வராத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வர வேண்டாம், மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் போதும் என்றேன். அதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

"கெளம்புங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் மெதுவா நடந்துடலாம்" என்றேன். இப்போது நாம் மெயின் ரோட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிவிட்டோம், நாலு வீடு தாண்டினால் பஸ் ஸ்டாப். அதனால்தான் நடக்க விட்டேன், அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வந்தார். பெஞ்சை இப்போது புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், இடம் அதேதான். அவரை நான் அன்றைக்கு உட்கார்ந்த ஓரத்திலேயே உட்கார வைத்தேன். ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆட்களை அடைத்துக்கொண்டு போயின. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவரே கேட்டார்:

"பஸ் எப்ப வரும்?"

"வரும்போது வரும்" என்றேன்.

உன் அப்பா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது சதீஷ். இத்தனை வருஷமாக மறந்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, சும்மா இருந்திருக்கிறார். ஆட்டோ வந்து நின்றது. நான் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் தையலைச் சுத்தம் செய்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்தீர்கள், உள்ளே வைத்த வலை வரைக்கும் போயிருந்தால் திரும்பவும் திறக்க வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு உன் அப்பா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு உனக்கு ஆட்டோ கூப்பிட்டிருக்கணும்" என்றார். நான் "ஆமா" என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

இப்போது அவருக்கு நன்றாக ஆறிவிட்டது. பிரியாணியும் சாப்பிட்டாகிவிட்டது. என் கணக்கு அவரோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் சுகந்தி மாவைப் பற்றிக் கேட்டாள். அம்மா இல்லாத பெண் என்று சொல்லித்தானே அவளைக் கட்டி வைத்தோம்? அவளுக்காகச் சண்டை போட அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று நீயும் தைரியமாக இருக்கிறாயா? ஆள் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

மாவு அரைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் உன் வேலை. வீட்டுக்கு வந்த முதல் நாள் அவளைத் தனியாக விட்டுவிட்டு நீ ஆபீஸ் போகிற பேச்சே கூடாது, மயக்க மருந்தின் அசதி இருக்கும், தலை சுற்றும், பாத்ரூமுக்குக் கூட நீ துணைக்குப் போக வேண்டும். என்னோடு மெஷினில் உட்காருகிற பெண்ணுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. வயிற்றுக்குள் காற்று அடைத்துச் செய்வதால் தோள்பட்டை எல்லாம் வலித்தது, மெதுவாக வீட்டுக்குள்ளேயே நடக்க நடக்கச் சரியானது என்றாள். சுகந்தி தோளைப் பிடித்துக்கொண்டால், நடிக்கிறாள் என்று நினைத்துவிடாதே. தண்ணீர் கேனும் சிலிண்டரும் துணி வாளியும் டாக்டர் தூக்கலாம் என்று சொல்லும்வரை உன் கையில்தான் இருக்க வேண்டும். தையல் மேல் மஞ்சள், எண்ணெய் என்று யார் எதை எடுத்து வந்தாலும் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடு. காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சூடுதான் என்று சொல்ல உனக்கு வாய் வரும். வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கூப்பிடு.

நானும் அப்பாவும் வியாழக்கிழமை வருகிறோம். அவர் பீன்ஸ் நறுக்குவார், இப்போது ஒரே அளவாக நறுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிற உன் ஆபீஸ்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வாசலிலேயே வெங்காயத் தட்டு வைத்திருப்பேன். உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்கு டீ வேண்டுமென்றால் நீ போடு. நானும் ஊரில் இருந்து அவளைப் பார்க்க வருகிறவள்தான், எனக்கும் நீதான் போட வேண்டும். சர்க்கரை கம்மியாக.

ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். வந்தவர்களுக்காகச் சுகந்தி எழுந்து அடுப்படிப் பக்கம் போவதை ஒரே ஒரு முறை பார்த்தேன் என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கார் வைத்து, அவளை ஆம்பூருக்குக் கூட்டி வந்துவிடுவேன். இங்கே அவளுக்குக் கட்டில் இருக்கிறது, கஞ்சி வைக்க நான் இருக்கிறேன், காய் நறுக்க உன் அப்பா இருக்கிறார். நீ தினமும் போன் போட்டு, "அவ எப்பம்மா வருவா?" என்று கேட்பாய். அதற்கு நான் சொல்லப்போகிற பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன்.

வரும்போது வருவாள்.

உன் அம்மா